யாழ்ப்பாணத் தீவுகளின் முருகைக் கற்பாரில் (பவளப்பாறையில்) சுழியோடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ரொரன்ரோவாசி

வணக்கம். வருகிற ஓகஸ்டில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 11. போன விடுமுறையில் கரீபியன் தீவொன்றில் சிலிண்டர் கட்டி மூன்று பேரும் கற்பாரில் இறங்கினோம். நாலைந்து மீற்றர் ஆழம்தான். படகில் இருந்து பார்த்தாலே அடி தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர் மகளின் சட்டையைப் பிடித்தபடி வந்தார். அந்தப் பைத்தியம் பிள்ளைகளுக்கு இன்னும் தீரவில்லை.

நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு பக்கமெல்லாம் முருகை இருக்கிறது என்கிறார்கள். நெடுந்தீவில் வளவுக்கு வேலியே முருகைக் கல்தானே. வேலணையில் இருக்கும் மச்சான், கடலட்டை பிடிக்க இறங்குகிற பெடியளிடம் சிலிண்டர் வாங்கித் தருகிறேன், வள்ளமும் பிடித்துத் தருகிறேன் என்கிறான். "கழுத்தளவுத் தண்ணிக்கு என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கு" என்பது அவன் கட்சி. ஆழம் குறைய ஆபத்தும் குறையும்தானே? யாராவது இறங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தீவகத்தான்

ஓகஸ்டில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, நின்று அடிக்கும். முதலில் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுப் படகில் ஒருக்கால் ஏறிப் பாருங்கள், சுழியோடுவதைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். எங்கள் பக்கம் காற்று விழுந்து கடல் கிடக்கிற காலம் மாசிக் கடைசியில் இருந்து சித்திரை வரைக்கும். வைகாசி பிறந்தால் சோளகம். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்துக் கடல் நடக்காது.

நிலாவெளிச் சுழியோடி

நான் யாழ்ப்பாணத்தான். கோடையில் திருகோணமலையில் சுழியோடப் பழக்குகிற வேலை. மச்சானின் கேள்விக்குத்தான் முதலில் பதில், ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

கடல்மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீற்றர் இறங்கினால் இன்னொன்று சேரும், 20 மீற்றரில் மூன்று, 30ல் நான்கு. இதைத் தலைகீழாகப் பாருங்கள். 30 மீற்றரில் இருந்து 20க்கு ஏறும்போது நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக விரியும். 10ல் இருந்து மேலே வந்தால் இரண்டு மடங்கு ஆகும். 5 மீற்றரில் இருந்து வந்தால் ஒன்றரை மடங்கு. அதாவது ஒரு மீற்றருக்கு எவ்வளவு மாற்றம் என்று பார்த்தால், முழுக் கடலிலும் மோசமான பகுதி மேலே உள்ள அந்தச் சில மீற்றர்தான். சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீற்றர் மேலே வந்தால்கூட நுரையீரல் கிழியலாம். நீச்சல் தடாகத்திலேயே நடக்கக்கூடிய விபத்து இது. அதனால்தான் முதல் பாடமே "மூச்சை அடக்காதே".

உடம்பில் நைதரசன் சேரும் பிரச்சினை வேறு. அது ஆழத்தையும் நேரத்தையும் பொறுத்தது. 5 மீற்றரில் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. மச்சான் சொல்வதில் பாதி உண்மை அங்கேதான் இருக்கிறது. மற்றப் பாதி ஆளைக் கொல்லும்.

அடுத்தது மிதப்பு. 12 லீற்றர் சிலிண்டர், அழுத்த மானி 200 பார் காட்டுகிறது என்றால் உள்ளே 2400 லீற்றர் காற்று. அந்தக் காற்றுக்கே கிட்டத்தட்ட 3 கிலோ நிறை. மானி 50க்கு வரும்போது இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். அமிழ்வதற்கு இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டி தொடக்கத்தில் சரியாக இருந்தாலும் கடைசியில் போதாது. 20 மீற்றரில் இதை அவ்வளவாக உணரமாட்டீர்கள். 3 மீற்றரில் நிற்கமுடியாமல் மேலே போய்விடுவீர்கள். புதிதாகப் பழகுகிறவர் அப்போது என்ன செய்வார்? கையில் அகப்பட்டதைப் பிடிப்பார். அகப்படுவது முருகை. ஆகவே ஆழமில்லாத இடத்துக்குப் போகிறவரின் ஈயத்தை, சிலிண்டர் கிட்டத்தட்ட வெறுமையாகிற நேரத்துக்குக் கணக்குப் பார்த்துத்தான் கட்டவேண்டும்.

ஆழம் குறைந்தால் காற்று நீடிக்கும், அது உண்மை. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் 5 மீற்றரில் 30 லீற்றர் இழுப்பார். மானி 50 வரும்வரை என்றால் கையில் 1800 லீற்றர், ஆக ஒரு மணி நேரம். அதே ஆள் 10 மீற்றரில் 45 நிமிடத்தில் முடித்துவிடுவார். அதனால்தான் ஆழமில்லாத கற்பாரை எனக்கும் பிடிக்கும். வெளிச்சமும் நிறமும் அங்கேதான். சிவப்பு நிறம் 5 மீற்றருக்குக் கீழே போகப் போக மங்கிவிடும்.

அட்டைச் சிலிண்டர் பற்றி: தயவுசெய்து வேண்டாம். உள்ளே துரு பிடித்திருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யவேண்டும். காற்று நிரப்பும் இயந்திரத்தின் புகை அதே இயந்திரம் காற்றை இழுக்கிற குழாய்ப் பக்கம் போனால் கார்பன் மொனொக்சைட் உள்ளே போகும். அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அந்தப் பெடியள் அதோடு பிழைப்பை நடத்துகிறார்கள், வேறு வழியில்லாமல். பொழுதுபோக்குக்காக 11 வயதுப் பிள்ளைக்கு அதை மாட்டிவிடுவதா?

மண்கும்பான்காரன்

எல்லாம் சரி அண்ணை, கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுத்துகிறீர்கள். எங்கள் அப்பப்பா சங்கு குளித்தவர். சிலிண்டரும் இல்லை, சான்றிதழும் இல்லை. மூச்சை அடக்கித்தான் இறங்குவார், மூச்சை அடக்கித்தான் ஏறுவார். ஒன்றும் கிழியவில்லை. எண்பது வயதுக்கு மேல் இருந்துதான் போய்ச் சேர்ந்தார்.

நிலாவெளிச் சுழியோடி

தம்பி, அப்பப்பா மேலே இருந்து ஒரு நெஞ்சுக் காற்றை எடுத்துக்கொண்டு போனார். கீழே போகப் போக அது சுருங்கியது, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பியது. அதற்குமேல் விரிய அங்கே காற்றே இல்லை. சிலிண்டர்காரர் கீழே, அழுத்தத்தில், புதுக் காற்றால் நுரையீரலை நிரப்புகிறார். அந்தக் காற்று மேலே வரும்போது விரிந்தே தீரும், வெளியே விடவில்லை என்றால் போக இடமில்லை. அப்பப்பாவுக்குப் பாதுகாப்பாக இருந்த அதே பழக்கம் சிலிண்டரோடு ஆபத்தாகிறது. கடலில் பிறந்து வளர்ந்தவர்களைப் பழக்குவதுதான் எனக்குச் சில நேரம் கடினம். நீந்தத் தெரியும், பயமும் இல்லை, ஆனால் மூச்சை அடக்குவது இரத்தத்திலேயே ஊறியிருக்கும்.

மண்கும்பான்காரன்

ஓம், இப்படி யாரும் விளக்கிச் சொன்னதில்லை. ஆனாலும் மூச்சடக்கி இறங்குகிறவருக்கு ஆபத்தே இல்லையா?

நிலாவெளிச் சுழியோடி

இருக்கிறது. இறங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு இழுத்து விட்டால் காபனீரொட்சைட்டு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வு பிந்தி வரும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, மேலே வருகிற கடைசி மீற்றர்களில் ஆள் மயங்கிவிடுவார். தனியே இறங்கவே கூடாது.

வார்டு 9

நான் ஆஸ்பத்திரிப் பக்கம். இரண்டொரு விஷயம் மட்டும்.

ஆழமில்லாத இடத்தில் கூடுதலாக அடிபடுவது காதுதான். ஒன்றரை, இரண்டு மீற்றரிலேயே வலி தொடங்கும். வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவதில் பிரயோசனம் குறைவு. தலை தண்ணீருக்குள் போன உடனேயே தொடங்கி, ஒவ்வொரு அரை மீற்றருக்கும் மெதுவாக ஊதவேண்டும். காது திறக்கவில்லை என்றால் கொஞ்சம் மேலே வந்து திரும்ப முயற்சி செய்யவேண்டும். பலமாக ஊதினால் உட்காது பழுதாகலாம். தடிமன் பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கடைப்புக்கு மருந்து விட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது முடிந்தால், ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஊருக்கு வந்தவுடன் பிள்ளைகளுக்குத் தடிமன் பிடிப்பது தெரிந்த கதைதானே, அதையும் யோசித்துத் திகதி போடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளை என்றால் டொக்டரிடம் கேட்காமல் சிலிண்டர் வேண்டாம்.

அட்டைக்கு இறங்குகிறவர்களைப் பற்றி மேலே எழுதியிருக்கிறார். ஆழத்துக்கு, ஒரே நாளில் ஒரு சிலிண்டருக்கு மேல் ஒரு சிலிண்டராக இறங்கி, மேலே சொன்ன நைதரசன் பிரச்சினையால் மூட்டு வலி, கால் மரத்துப்போவது, சலம் போகாமல் நிற்பது என்று வருவார்கள். பலர் அதை வாதம் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் படுத்திருப்பார்கள். சுழியோடிய பிறகு இப்படி எது வந்தாலும் ஆளைப் படுக்க வைத்து, சுத்தமான ஒட்சிசன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அழுத்த அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சைக்குத் திருகோணமலைக் கடற்படை மருத்துவமனைப் பக்கம்தான் போகவேண்டியிருக்கும். இன்னொரு தடவை தண்ணீருக்குள் இறக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காலை வைத்திருங்கள். வலி நன்றாகக் குறையும். பிறகு எப்படியும் காயத்தைக் காட்டவேண்டும், முள்ளுத் துண்டு உள்ளே கிடக்கும்.

கடற்கரைப் படிப்பு

கேள்வியின் மற்றப் பாதிக்கு வருகிறேன். இங்கே பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. குடாநாட்டைச் சுற்றியுள்ள முருகையைப் பற்றி 2021ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்த கட்டுரை, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை டீஎன்ஏ முறையில் உறுதிசெய்தது. எல்லோரும் தெற்கே ஹிக்கடுவை, நிலாவெளிக்குப் பக்கத்துத் தீவான புறாமலை என்று ஓடிக்கொண்டிருக்க, நாட்டுக்கே புதிதான இனங்கள் எங்கள் வாசலில் கிடந்திருக்கின்றன. போர் முடியும்வரை இந்தக் கடலில் நிம்மதியாக ஆய்வு செய்ய யாராலும் முடியவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் கரீபியன் தெளிவை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். குடாநாட்டில் பெரிய ஆறு ஒன்றும் இல்லை, இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு. அப்படியிருந்தும் கடல் கலங்குகிறது, ஏனென்றால் பாக்கு நீரிணைப் பக்கம் கடலே ஆழமில்லை. காற்று எழும்பினால் அலை அடிவரைக்கும் போய்ச் சேற்றையும் மணலையும் கிளப்பிவிடும். ஆழமான கடலில் அதே காற்று மேலே மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடும். அதனால் இங்கே உருண்டை உருண்டையாகத் தடித்து வளர்கிற முருகைதான் நன்றாகத் தாக்குப் பிடிக்கிறது. அந்த வகை வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். இடுப்பளவு உயரமாக ஒன்றைக் கண்டால், அது ஒல்லாந்தர் கோட்டை கட்டின காலத்துக்குப் பிறகு வந்ததாக இருந்தாலும் அதற்கு நூறு வயதுக்குக் கிட்ட இருக்கும்.

துடுப்புச் செருப்பை மேலும் கீழுமாக அடித்தால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தவளை நீந்துகிற மாதிரிப் பக்கவாட்டில் உதைக்கப் பழகுங்கள். கிளம்புகிற சேறு முருகைமேல் படிந்தால் அதைத் தள்ளிவிட அது சத்தைச் செலவழிக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறுகிற காலத்தில் அதற்கு ஏற்கெனவே கஷ்டம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரம் நின்றாலே வெளுக்கத் தொடங்கும். 1998ல் இலங்கையின் தென்மேற்குக் கரையில் அப்படித்தான் பெரிய அழிவு நடந்தது. 2024ல் உலகம் முழுக்க நான்காவது தடவையாக வெளுப்பு அறிவிக்கப்பட்டது. வெயிலுக்குக் கிரீம் பூசாமல் நீளக் கைச் சட்டை போடுங்கள், முதுகும் தப்பும்.

இறங்கவேண்டிய இடங்களை வரைபடத்தோடு போடச் சொல்லித் தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள். போடமாட்டேன்.

வியாபாரி

ஏன் போடமாட்டீர்கள்? இந்த மனப்பான்மையால்தான் வடக்கு பின்னால் நிற்கிறது. திருகோணமலையில் வெளிநாட்டுக்காரர் வந்து காசைக் கொட்டுகிறார்கள். இங்கே ஒரு நல்ல சுழியோட்ட நிலையம் உண்டா? ஊர்ப் பெடியளுக்குப் பயிற்சி கொடுத்தால் அட்டைக்கு இறங்கி முடமாகாமல் பயிற்சியாளராக வேலை செய்யலாம். பார்க்க ஆள் வந்தால்தான் முருகைக்கும் ஒரு பெறுமதி வரும். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தால் அழிகிறதும் யாருக்கும் தெரியாது.

கடற்கரைப் படிப்பு

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புறாமலையைப் போய்ப் பாருங்கள். 2003ல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். 1998 வெளுப்பில் இருந்து தப்பிய கற்பார் அது. ஆட்கள் நிற்கிற கரையோரத்தில் இன்று உடைந்த துண்டுகள்தான் கூடுதலாகக் கிடக்கின்றன. காவலும் நுழைவுச்சீட்டும் இருக்கிற இடத்திலேயே அப்படி. இங்கே நங்கூரம் போட ஒரு மிதவைகூடக் கட்டவில்லை. மிதவை முதலில் வரட்டும், வரைபடம் பிறகு.

குருநகர் ஓட்டி

நான் கனநேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். படித்தவர்கள் கதைப்பதில் எனக்குக் குறை இல்லை, ஆனால் அந்தக் கற்பாரில் தொழில் செய்கிறவனையும் ஒருக்கால் கேளுங்கள். ஒராவும் விளமீனும் கலவாயும் அங்கேதான் வருகின்றன. கூடு வைக்கிறோம், வலை விடுகிறோம். முன்பின் தெரியாத ஆள் ஒருவன் சிலிண்டரோடு கூட்டுக்குப் பக்கத்தில் எழும்பினால் நாங்கள் என்ன நினைப்போம்? கூட்டைத் திறக்கிறான் என்றுதான் நினைப்போம். அந்தந்தத் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் முதலே சொல்லுங்கள். கடற்படைக்கும் அறிவியுங்கள், இல்லாவிட்டால் வள்ளக்காரன்தான் மாட்டுவான்.

சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட கொடி கட்டினால் கீழே ஆள் என்று உங்களுக்குத் தெரியும். எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 25 குதிரைவலு இயந்திரத்தோடு மேலால் போய்விடுவோம். ஊர் ஓட்டி ஒருவரை வள்ளத்தில் வைத்திருங்கள், அவர் கைகாட்டினால் விலகிப் போவோம். தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) தடை என்பது எல்லோருக்கும் தெரியும், அது கடலுக்குள் கிடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. வெட்ட ஒரு கத்தி இல்லாமல் இறங்காதீர்கள்.

மற்றது, சுழியோட வருகிறவன் முருகையை உடைக்கிறான் என்று சண்டை பிடிக்கிறீர்கள். இரவில் அக்கரையில், இந்தியப் பக்கம் இருந்து வந்து, கடலடியோடு இழுவைமடி வலை இழுக்கிறவன் ஒரே இரவில் அடியைத் துடைத்துவிட்டுப் போகிறான். எங்கள் பக்கம் 2017ல் அதைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். கடலுக்குச் சட்டப் புத்தகம் வாசிக்கத் தெரியாது.

வியாபாரி

அண்ணை, அதுதான் நானும் சொல்கிறேன். ஊர் ஓட்டி, ஊர்ச் சங்கம், ஊர்ப் பெடியள். வெளியில் இருந்து கம்பனி வரவேண்டாம்.

குருநகர் ஓட்டி

முதலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கடலட்டைப் பண்ணை வந்தபோதும் ஊருக்குத்தான் என்றார்கள். இப்போது சில இடத்தில் வலை விடப் போனால் வேலி. சங்கத்தில் வந்து கதையுங்கள், எழுதிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

ரொரன்ரோவாசி

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வீட்டில் கதைத்தோம். சிலிண்டர் வேண்டாம் என்று மச்சானுக்குச் சொல்லியாயிற்று, இரண்டு நாளாக அவன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். ஓகஸ்டில் கீழ்க்கரை (கிழக்குக் கரை) நன்றாக இருக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் நிலாவெளிக்கே போய்ப் பிள்ளைகளை ஒழுங்காகப் பழக்கலாமா? 11 வயது காணுமா? தீவுகளுக்கு வேறொரு வருஷம் பங்குனியில் வருகிறோம்.

நிலாவெளிச் சுழியோடி

மே முதல் செப்ரெம்பர் வரை கீழ்க்கரைக்குத்தான் காலம், மேல்காற்று கரையில் இருந்து கடலுக்கு அடிப்பதால் அலை படுத்திருக்கும். 10 வயதில் இருந்து எடுப்போம். மகள் 12 மீற்றருக்குக் கீழே போகமுடியாது, அதுவும் பயிற்சியாளரோ தகுதி பெற்ற அப்பா அம்மாவோ கூட இருக்கவேண்டும். மகன் 18 வரை போகலாம். உண்மையைச் சொன்னால் 6 மீற்றருக்குக் கீழே இரண்டு பேருக்கும் இப்போதைக்கு வேலை இல்லை. முதல் நாள் அலையில்லாத தண்ணீரில் முகமூடிக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றப் பழகட்டும். அதைப் பதறாமல் செய்கிற பிள்ளை பிறகு எதற்கும் பதறாது. எந்த நிலையத்துக்குப் போனாலும் சிலிண்டரின் சோதனைத் திகதியைக் கேளுங்கள், வள்ளத்தில் ஒட்சிசன் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரொரன்ரோவாசி

இன்னொன்று. நிலாவெளி முடிந்து அடுத்த நாள் நுவரெலியா, அதற்கு அடுத்த நாள் பலாலியில் இருந்து சென்னை என்று திட்டம். பிரச்சினை இல்லையே?

நிலாவெளிச் சுழியோடி

இருக்கிறது, நல்லவேளை கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை இறங்கினால் 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கவேண்டும். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான், நுவரெலியா 1868 மீற்றர். காலையில் கடைசியாக இறங்கிவிட்டு மத்தியானமே வாகனத்தில் ஏறி மலைக்குப் போவது கூடாது. கடைசி நாளைச் சும்மா கடற்கரையில் கழியுங்கள், மேலே மிதந்து மீன் பார்க்கலாம். அது கணக்கில் வராது.

தீவகத்தான்

நுவரெலியாவில் இருந்து பலாலிக்கு ஒரே நாளில் போய் விமானம் பிடிக்கப் போகிறீர்களா? சுழியோடுவதைவிட அதுதான் ஆபத்து. ஒரு இரவு வவுனியாவில் படுத்துவிட்டு வாருங்கள்.